அயல்நாட்டுக் கூலியும் நம் மனச்சான்றும்
(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவது மரபு. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வைப்பதையே தன் பணியாகக் கொண்ட இக்கழகத்தின் மேடையில் அதனைப் பலரும் நன்கு பேசியுள்ளனர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். படித்து முடித்த நம் பிள்ளைகளும், படிப்பைப் பாதியில் விட்ட நம் பிள்ளைகளும் எங்கே செல்கின்றனர்? சென்ற இடத்தில் எத்தகைய சட்டத்தின்கீழ் வாழ்கின்றனர்? அச்சட்டத்தைப் பற்றி அவர்களும் நாமும் கொள்ளத்தக்க கருத்து யாது? இவையே இன்று நாம் ஆராய விரும்பும் வினாக்கள்.

நம்முடைய இரு மாவட்டங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995-இல் பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் நிலையாகத் தனித்து நின்றது அரியலூர். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 31 பேரும், அரியலூரில் நூற்றுக்கு 23 பேரும் பட்டியல் இனத்தவர். பெரம்பலூரின் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியில் விளைபவை. அரியலூரின் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் உண்டு. அதனை அரைத்துச் சிமெண்டாக்கும் ஆலைகளும் உண்டு. எனினும் அவ்வாலைகளின் வாயிலில் நம் பிள்ளைகள் அனைவர்க்கும் இடமில்லை. நிலமும் நம்மிடம் இல்லை. ஆகவே சிங்கப்பூருக்கும், மலேசியாவுக்கும், சவூதிக்கும், குவைத்துக்கும், துபாய்க்கும், கத்தாருக்கும் விமானம் ஏறுகின்றனர். 2015-இல் நடந்த தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வு, தமிழ்நாட்டிலிருந்து அயல்நாடுகளில் வாழ்வோர் சுமார் 22 லட்சம் பேர் எனக் கணக்கிட்டது. அவ்வெண்ணிக்கையில் நம் தெருக்களின் பங்கும் உண்டு.

அந்நாடுகளிற் பலவற்றில் தண்டனை கடுமையானது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தியதாகத் தீர்ப்பானால் தூக்கு; 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவுக்கும் தூக்கு. அனுமதிக் காலம் முடிந்து தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கிய ஆண்மகனுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. சவூதியில் வாளால் தலை துண்டிக்கும் தண்டனை இன்றும் நடப்பில் உள்ளது. வளைகுடா நாடுகளில் முதலாளியின் பொறுப்பில் மட்டுமே தொழிலாளி தங்கலாம் என்னும் 'கபாலா' முறை நெடுங்காலம் ஆட்சி செய்தது. 2020-இல் கத்தாரும் 2021-இல் சவூதியும் அதனைத் தளர்த்தின. ஆயினும் சவூதியின் அத்தளர்வு வீட்டுப் பணியாளர்க்கு எட்டவில்லை. முதலாளியை விட்டு அகன்றவன் மீது, 'ஓடிப்போனான்' எனப் புகார் எழுதினாற் போதும், உழைத்தவனே குற்றவாளி ஆகிவிடுவான்.

இத்தகைய நாடுகளிற் சென்று பொருளீட்டுவது அறமா என்று கேட்போர் உண்டு. 'கொடிய சட்டமுள்ள நாட்டுக்கு உழைப்பைக் கொடுப்பது அக்கொடுமைக்குத் துணை போவதாகும்' என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. இரண்டு மூன்று நாடுகளிலிருந்து வேலை தேடி வரும் உயர்பதவியாளர் ஒருவர், எங்குச் செல்வது என ஆராயும்போது இவ்வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவரே. ஆனால் கடன் வாங்கி, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து, முகவரிடம் பணம் கட்டிச் செல்லும் கொத்தனாரிடம் இதே வினாவை இதே குரலிற் கேட்பது முறையன்று. பசித்தவன் போகும் வழியில் நின்றுகொண்டு, பசியாதவன் அறம் உரைப்பது எளிது.

மேலும் நமக்கு இது புதிய பயணமும் அன்று. 1860-ஆம் ஆண்டு 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. மொரீசியசுக்கும், பீஜிக்கும், இலங்கைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் இரப்பர்க் காடுகளுக்கும் சென்றவர்களிற் பெருந்தொகையினர் நம் முன்னோரே. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு அகன்ற கூலியைக் குற்றவாளியெனச் சிறையிட்ட சட்டம் அக்காலத்திலும் இருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1917-இல் நிறுத்தப்பட்டது. எனினும் வேலையை விட்டு விலகுவதே குற்றம் என்னும் கருத்து மட்டும் சாகாமல், 'ஓடிப்போனான்' என்னும் புகாராக நம் காலம் வரை வந்து நிற்கிறது. அக்கொடுமை தெரிந்தும் நம் முன்னோர் சென்றனர். ஏனெனில் அவர்கள் விட்டுச் சென்ற பண்ணைகளில் அதனினும் கொடிய நீதி நடந்துகொண்டிருந்தது. ஆகவே போவது பாவமன்று. போனவன், தான் கண்ட நீதியைப் பற்றி என்ன நினைக்கிறான், வந்து என்ன சொல்கிறான் என்பதில்தான் அறமும் அறமின்மையும் பிரிகின்றன. இதுவே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் கருத்து.

நண்பர்களே! விடுமுறையில் ஊர் திரும்பிய இளைஞர்கள் தேநீர்க் கடையிலும் கோயில் திடலிலும் அமர்ந்து பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'அங்கெல்லாம் திருடினால் கையை வெட்டுவான். அதனால்தான் கடையைத் திறந்து போட்டுவிட்டுத் தொழப் போகிறான். சிங்கப்பூரில் பிரம்பால் அடிப்பான். அதனால்தான் தெரு சுத்தமாக இருக்கிறது. நம் நாட்டில் சட்டம் சரியில்லை. இங்கும் நடுத்தெருவில் தூக்கிலிட்டால்தான் திருந்துவார்கள்' என்கின்றனர். கேட்டிருப்போர் தலையசைக்கின்றனர். ஈட்டி வந்த பொருளோடு இக்கருத்தும் நம் தெருவுக்குள் வந்துவிடுகிறது. நம்மவர் ஈட்டி வந்த பொருளை நாம் வாழ்த்துகிறோம். ஆனால் இக்கருத்தை வாசலிலேயே நிறுத்திச் சில வினாக்களைக் கேட்க வேண்டியது நம் கடமை.

முதல் வினா: கடுந்தண்டனை யார் தலையில் விழுகிறது?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்னும் தமிழ் பேசும் ஏழைப் பெண்ணின் கதையை எண்ணிப் பாருங்கள். 1988-இல் பிறந்த அவருக்கு, 1982-இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எழுதி 2005-இல் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினர். சென்ற சில வாரங்களில், அவர் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புகட்டும்போது புரையேறி இறந்தது என்றார் அவர். கொலை என்றனர் குழந்தையின் வீட்டார். அப்போது அவருக்கு வயது 17. விசாரணையில் உடன் நிற்க வழக்கறிஞர் இல்லை. அவர் தமிழிற் கூறியதை அரபியில் பெயர்த்தவர் அதற்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2007-இல் மரண தண்டனை விதித்தனர். உலகெங்கும் எழுந்த வேண்டுகோள்கள் பயன்படவில்லை. 2013 சனவரி 9 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது. வயதைத் திருத்தி அனுப்பிய முகவருக்கு அங்கு வாளில்லை. சொல்லைத் திரித்தவருக்கும் வாளில்லை. ஏழ்மையால் கடல் கடந்த சிறுமிக்கு மட்டுமே வாள் இருந்தது.

சிங்கப்பூருக்கு வருவோம். 2022 ஏப்ரல் 27 அன்று நாகேந்திரன் தர்மலிங்கம் என்னும் மலேசியத் தமிழர் தூக்கிலிடப்பட்டார். அவர் கொண்டு வந்தது 42.72 கிராம் ஹெராயின். அவர் அறிவுத்திறன் அளவு 69 என மருத்துவர் மதிப்பிட்டிருந்தனர். ஓராண்டு கழித்து, 2023 ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா என்னும் சிங்கப்பூர்த் தமிழர் கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை எனத் தூக்கிலிடப்பட்டார். காவலர் விசாரித்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரப்படவில்லை என்று அவர் முறையிட்டார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. போதைப்பொருள் கொடியது, அதனை விற்பவன் குற்றவாளியே. ஆனால் பெருவணிகன் எங்கோ குளிர்ந்த அறையில் இருக்க, பொட்டலத்தைத் தொடையிற் கட்டிச் சுமந்தவனே தூக்குமேடைக்கு வருகிறான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

2013 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி மாண்டார். அதனையொட்டி அங்கே கலவரம் மூண்டது. வண்டிகளுக்குத் தீ வைத்தது தவறு; அதனை நாம் நியாயப்படுத்தவில்லை. இருபத்தைந்து பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்காவது வழக்கு உண்டு, வாதம் உண்டு. வேறு ஐம்பத்தேழு பேர் நீதிமன்ற வாயிலையே காணாமல் நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் பட்ட கடன் நாடு கடத்தப்படவில்லை. அது ஊரிலேயே அவர்களுக்காகக் காத்திருந்தது.

இரண்டாம் வினா: அந்நீதி எல்லா உயிரையும் ஒரே தராசில் நிறுக்கிறதா?

சவூதியில், ஒருவன் கையால் அல்லது விபத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரும் முறை உண்டு. நெடுங்காலம் வழங்கி வந்த கணக்கில் முஸ்லிம் ஆண் ஒருவர்க்கு ஒரு லட்சம் ரியால் எனில், கிறித்தவர்க்கு அதிற் பாதி. இந்துவுக்கு 6,666 ரியால். பெண்ணாயின் அந்தந்தத் தொகையில் பாதி. பிறப்பால் உயிருக்கு விலை வகுக்கும் இக்கணக்கு நமக்குப் புதிதன்று. ஒரே குற்றத்துக்கு வருணத்துக்கொரு தண்டனை வகுத்த மனுநீதியை அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்தாரே, எதற்காக? உயிருக்கு உயிர் விலை மாறும் தராசை உடைப்பதற்காக அன்றோ? உள்ளூர்த் தராசை உடைக்கப் போராடிய இனம், அயலூர்த் தராசைக் கண்டு வியந்து கைகட்டி நிற்கலாமா?

மூன்றாம் வினா: உடனடித் தண்டனையின் சுவையை நாம் அறியாதவர்களா?

அறிவோம், நம் முன்னோர் முதுகால் அறிந்தனர். காவிரிப் பாசனப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையாளுக்கு வழங்கிய தண்டனைகள். வேலைக்கு நேரங்கழித்து வந்தால் சவுக்கு; எதிர்த்துப் பேசினால் கரைத்த சாணம். அங்கே வழக்கு இழுபடவில்லை, வாய்தா இல்லை, மேல்முறையீடு இல்லை. குற்றம் சாட்டியவனே நீதிபதி. 'உடனே கொடு, ஊரறியக் கொடு' என்று இன்று நம் இளைஞர் வேண்டும் நீதி அதுவேயன்றி வேறென்ன? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்களை எரித்ததும், கூலி உயர்வு கேட்டவர்க்கு நிலவுடைமையாளர் தந்த உடனடித் தண்டனைதான். அவ்வழக்கில் உயர்நீதிமன்றம், செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என நம்புவது அரிது என்று கருதி அவர்களை விடுவித்தது. கடுமை நம் பக்கமும், தளர்ச்சி அவர்கள் பக்கமுமாகவே சட்டம் சாய்ந்தது.

தொலைவில் செல்ல வேண்டா. நம் அரியலூருக்கு அடுத்த கடலூர் மாவட்டத்தில், 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட உழைப்பாளி ராசாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. நகை திருடினார் என்பதே அவர்மீது கூறப்பட்ட குற்றம். திருட்டுக்குக் கையை வெட்டலாம் என்போரே, இங்கே திருடாதவன் உயிரையே எடுத்தனரே! அவர் மனைவி ஆட்கொணர்வு மனு என்னும் சட்டக் கருவியைக் கையில் எடுத்து உயர்நீதிமன்றம் சென்றதால்தான் உண்மை வெளிவந்தது. 'சட்டம் இழுபடுகிறது' என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்த நீண்ட வழிதான் அவருக்குக் கிடைத்த ஒரே வழி.

2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, பாலியல் கொலை வழக்கிற் பிடிபட்ட நால்வரைக் காவலர் சுட்டுக் கொன்றபோது நாடெங்கும் இனிப்பு வழங்கினர். அந்நால்வரும் ஏழைத் தொழிலாளர். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே சுட்டனர் என 2022-இல் அறிவித்தது. செத்த பெண்ணுக்கும் நீதி கிடைக்கவில்லை. உண்மைக் குற்றவாளி எவர் என்பதை நிறுவும் வழியும் அடைபட்டது. இனிப்பின் சுவை மட்டும் சிலர் நாவில் எஞ்சியது.

தில்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இந்தியாவின் மரண தண்டனைக் கைதிகளைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அவர்களில் நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர். நான்கில் ஒருவர் பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினர். ஆகவே, தூக்குக் கயிற்றை நீளமாக்கு என்று நாம் கூவும்போது, அது யார் கழுத்தை அளந்து திரிக்கப்படுகிறது என்று பார்த்துக் கூவ வேண்டும். 1949 சூன் 3 அன்று அரசியல் நிருணய சபையில், மரண தண்டனைக்கு மேல்முறையீடு வகுப்பது குறித்து வாதம் நடந்தபோது, அத்தண்டனையை அடியோடு ஒழித்துவிடுவதையே தாம் விரும்புவதாக அண்ணல் அம்பேத்கர் கூறினார். அவரினும் மிகுதியாகக் கொடுமை கண்டவர் எவர்? பழிவாங்கும் உரிமையை நமக்கு அவர் கேட்டுப் பெறவில்லை. கைதானவனுக்குக் காரணம் கூற வேண்டும், வழக்கறிஞரைக் காண விட வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்னும் 22-ஆம் பிரிவு போன்ற காப்புகளையே நமக்குத் தந்து சென்றார்.

'குற்றம் செய்யாதவனுக்கு என்ன அச்சம்?' என்று கேட்பீர்கள். குற்றம் செய்யாதவன் என்பதை யார் மொழியில், யார் முன், யார் துணையோடு நிறுவுவது? அதுவே ரிசானாவுக்குக் கிடைக்காதது. 'அங்கே குற்றம் குறைவாக உள்ளதே' என்பீர்கள். குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, தண்டனை தப்பாது என்னும் உறுதியே என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இலேயே எழுதினார். வேலையும் கூலியும் ஒழுங்கான நிருவாகமும் உள்ள இடத்தில் தெரு தூய்மையாக இருக்கும். அதற்குப் பிரம்பு தேவையில்லை.

இவ்வாறு கூறுவதால், அந்நாட்டு மக்களையோ அவர்தம் சமயத்தையோ நாம் பழிக்கிறோம் என எவரும் கொள்ள வேண்டா. கொல்லப்பட்டவன் குடும்பம் மன்னித்தால் கொலைத் தண்டனை நீங்கும் என்னும் விதி அச்சட்டத்திலேயே உண்டு. பட்டுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த தமிழர் ஒருவர், கேரளத்து மலப்புரத்தைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவரைக் குவைத்தில் 2013-இல் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றார். 2017-இல் அவர் மனைவி மலப்புரம் சென்று, பாணக்காட்டுத் தங்ஙள் குடும்பத்தாரின் உதவியை நாடினார். கணவனை இழந்த பெண்ணும் அவர் குடும்பத்தாரும் மன்னிப்புக் கடிதம் தந்தனர். அக்குடும்பத்துக்கு அளிக்கக் கோரிய முப்பது லட்சம் ரூபாயிற் பெரும்பங்கைத் தங்ஙள் முயன்று திரட்டினார். தண்டனை பின்னர் ஆயுள் சிறையாகக் குறைந்தது. இந்துவுக்காக முஸ்லிம்கள் பொருள் திரட்டினர். விதவையின் கண்ணீரை இன்னொரு விதவை அறிந்து, மற்றொருத்தி விதவையாகாமற் காத்தார். இதனினும் உயர்ந்த அறம் எச்சமயத்தில் உண்டு?

ஆயினும் இதிலும் ஒரு பாடம் உண்டு. சவூதிச் சிறையில் இருந்த கோழிக்கோட்டு ஓட்டுநர் ஒருவரை மீட்க 2024-இல் மலையாளிகள் 34 கோடி ரூபாய் திரட்டினர். அவர்மீதிருந்த மரண தண்டனை நீங்கியது. திரட்ட ஓர் ஊர் இருந்தது, அவர் பிழைத்தார். திரட்ட ஊரில்லாதவன் என்னாவான்? 2025 மார்ச்சில் நடுவணரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, அயல்நாட்டுச் சிறைகளில் இருந்த இந்தியர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மரண தண்டனை பெற்றிருந்தோர் 49 பேர். மன்னிப்பு அருள், அருளை நம்பி நிற்பது ஏழையின் தலைவிதியாகலாம், நீதியாகாது.

எனில், செய்யத்தக்கது யாது? நான்கு கடமைகளைக் கூறி அமைகிறோம்.

முதலாவது, செல்பவன் கடமை. அந்நாட்டுச் சட்டம் நமக்கு உவப்பில்லையாயினும், அதற்குக் கட்டுப்பட்டு நடப்பதே முறை. ஒருவன் தவறினால் அவன் அறையில் உள்ள பத்துப் பேர் வேலையும் போகும். பிறர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமற் சுமக்கலாகாது. உறவினரே தந்தாலும் ஆகாது. மும்பையைச் சேர்ந்த இளந்தம்பதியர் 2019-இல் உறவினர் தந்த பொட்டலத்தோடு கத்தாரில் இறங்கிப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். குற்றமற்றவர் என 2021-இல் விடுபடும் வரை சிறையிலேயே இருந்தனர். இங்கு மருந்துக்கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகள் கூட அங்கே தடை செய்யப்பட்டவை. மருத்துவர் சீட்டு இன்றியமையாதது. பதிவு பெற்ற முகவர் வழியே மட்டும் செல்லுங்கள். பதிவு உண்டா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அறியலாம். கடவுச்சீட்டில் வயதை ஒருநாள் கூட மாற்ற விடாதீர்கள். கைதானால் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்கும் உரிமை, 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவில் உள்ளது. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யாத எவனும் விமானம் ஏறலாகாது.

இரண்டாவது, அங்கே உயர்ந்தவன் கடமை. நம்மவரிற் சிலர் மேற்பார்வையாளராகவும், பொறியாளராகவும், அலுவலராகவும் உயர்ந்துள்ளனர். கொடிய சட்டம் தானே நடப்பதில்லை. அதற்கு ஒரு கை வேண்டும். தொழிலாளியின் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் கை, சம்பளம் கேட்டவன்மீது 'ஓடிப்போனான்' எனப் புகார் தட்டச்சு செய்யும் கை, பெரும்பாலும் இன்னொரு இந்தியன் கையாகவே உள்ளது. அன்று தோட்டத்துத் துரைக்குக் கங்காணி இருந்தான்; இன்று அவன் கணினியின் முன் அமர்ந்துள்ளான். ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது விடையாகாது. நம் இளைஞர் எவ்வளவு உயர்ந்தாலும் கங்காணியாக உயரலாகாது.

மூன்றாவது, திரும்பி வந்தவன் கடமை. கண்டதை முழுமையாகச் சொல்லுங்கள். கட்டடத்தின் உயரத்தைச் சொல்லும் வாயால் சிறையின் உயரத்தையும் சொல்லுங்கள். தரகுப் பணத்துக்காக, தெரிந்தே ஒருவனைப் பொய் விசாவில் அனுப்பாதீர்கள். அங்கே மொழி கற்றவர்கள் அம்மொழியை நீதிக்குப் பயன்படுத்துங்கள். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். கூலியாகக் கடல் கடந்தோர் நிறைந்த நாட்டில், நம் இனத்தவர் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். தாயகம் திரும்பி 1923-இல் சென்னைச் சட்டமன்றம் சென்றார். பின் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். மூதூர்ப் பெண்ணுக்கு அத்தகைய ஒரு மொழிபெயர்ப்பாளர் வாய்த்திருந்தால், அவர் சொன்ன சொல்லாவது சிதையாமல் நீதிபதியின் செவியை எட்டியிருக்கும்.

நான்காவது, இக்கழகத்தின் கடமை. இவ்வெள்ளி விழா ஆண்டில் மூன்று சிறு பணிகளைத் தொடங்க வேண்டுகிறோம். இரு மாவட்டங்களிலும் நம் தெருக்களிலிருந்து அயல்நாடு சென்றோர் பெயர், நாடு, முதலாளி, முகவர் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் ஒரு பதிவேடு. செல்பவர்க்கு ஒரு மாதம் அந்நாட்டு மொழியும் சட்டமும் கற்பிக்கும் ஒரு மாலை வகுப்பு. துன்பம் நேர்ந்த குடும்பத்தோடு தூதரகத்துக்கும், அயலகத் தமிழர் நலத் துறைக்கும் மனு எழுதி உடன் நிற்கச் சட்டம் படித்த இளைஞர் இருவர். சிறைப்பட்டவன் எச்சாதி, எம்மதம் என இக்குழு கேட்கலாகாது. மலப்புரத்தார் கேட்கவில்லை, நாம் கேட்கலாமா?

இளைஞர்களே! அயல்நாட்டில் உங்கள் உழைப்புக்குக் கூலி தருகின்றனர். அக்கூலி உங்கள் கைகளின் உழைப்புக்கு விலை. உங்கள் மனச்சான்றுக்கு விலையன்று. சட்டத்துக்கு உடல் பணியட்டும். கொடுமையை நாவு புகழாதிருக்கட்டும். அடிபட்ட இனம் அடிக்கும் கோலைத் தொழலாகாது. போய் வாருங்கள்; பொருளோடு வாருங்கள்; எல்லார்க்கும் ஒரே தராசு என்னும் கொள்கையோடு வாருங்கள்.